கூடலூர் வந்தாக

அக். 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். கே.கே.பட்டியிலிருந்து டவுன் பஸ், கம்பம் வரைக்கும் நின்றுகொண்டே. குடை மறந்தாச்சு. முதல் நாளே நனைந்த சேலையோடு ஆபீஸ்.

முதல் நாள் என்று சொல்வதா? கார்த்தி வயிற்றில் இருக்கும்போது விட்டுவிட்டுப் போன ஆபீஸ். கார்த்தி இப்போது பிளஸ் ஒன்.

உரக்கடை மாடி அப்படியே இருக்கிறது. படியேறும்போது அதே வேப்பம்புண்ணாக்கு வாசம். படியிலேயே நின்றுவிட்டேன். கண் கலங்கியது. வேப்பம்புண்ணாக்குக்குக் கண் கலங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பள்ளத்தாக்கு முழுக்க இன்டர்நெட் லைன் கொடுக்கிற சின்னக் கம்பெனி. ஊருக்கு ஒரு ஸ்விட்ச் பெட்டி. எல்லாப் பெட்டியையும் சுற்றிச் சுற்றி வந்து "உசுரோட இருக்கியா" என்று கேட்கிற வேலையை ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட் செய்கிறது. அது நான் எழுதியது. இன்னும் அதுதான் ஓடுகிறது. நாற்காலி மாறிவிட்டது, மேசை மாறிவிட்டது, சுவரில் ஏசி வந்துவிட்டது. ஸ்கிரிப்ட் மட்டும் அதே.

முதலாளி ராசண்ணனுக்கு முடி மொத்தமும் வெள்ளை. பேச்சு மாறவில்லை.

"பவித்ரா பிரசவத்துக்கு ஊருக்குப் போகுது. சனிக்கிழமதான் அதுக்குக் கடைசி. கூடலூர்க் கோளாற அதுக்குள்ள சரி பண்ணிட்டேன்னா சீட்டு உனக்கு. இல்லையா, கோயமுத்தூர்க் கம்பெனிட்ட குடுத்துருவேன். அங்கன இருந்தே பாத்துக்கிருவாக."

சீட்டு எனக்கு வேண்டும். இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன். ரொம்ப வேண்டும்.

பவித்ரா: இப்போது அந்தச் சீட்டில் இருக்கும் பெண். கும்பகோணம். வயிறு இடித்து மேசை எட்டவில்லை; கீபோர்டை மடியில் வைத்து அடிக்கிறாள். மேடம், மேடம் என்கிறாள். அக்கா என்றே கூப்பிடு என்றேன். "சரிங்க மேடம்."

கோளாறு இதுதான். கூடலூர் விழுந்துவிட்டது என்று எஸ்.எம்.எஸ். வரும். லைன்மேன் வீரணன் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார். அங்கே போனால் எல்லாம் சரியாக இருக்கும். ரெண்டு மாசமாக இதே கதை. அண்ணன் என்னைப் பார்த்து நல்லா இருக்கியா என்று கூடக் கேட்கவில்லை.

"ஆத்தா, நீ எழுதுனத நீயே என்னான்னு கேளு. மழையில நனைஞ்சுக்கிட்டு கூடலூர் போறேன், அங்கன பச்ச லைட்டு பளிச்சுன்னு எரியுது. ஜீப்புக்காரக எல்லாம் என்னையப் பாத்துச் சிரிக்கிறாக."

இன்று ஒன்றும் செய்யவில்லை. நான் எழுதிய புரோகிராமை நானே படித்தேன். ஓர் இடத்தில் குறிப்பு: "இங்கன கை வச்சா அங்கன ஒடையும். ஒடைஞ்சா என்னையக் கேக்காதே." யாருக்காக எழுதினேன்? அப்போது அந்த ஆபீஸில் புரோகிராமைத் திறந்து பார்க்கிற ஆளே நான் ஒருத்திதான். என்ன திமிர். அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது.

அக். 15, செவ்வாய்

வெயில். மதியத்துக்கு மேல் மழை.

வாங்க: குடை கம்பி (ரிப்பேர்), உளுந்து, கார்த்திக்கு கிராஃப் நோட்.

பவித்ரா ஸ்கிரிப்டைப் புது சர்வருக்கு மாற்றியிருக்கிறாள். அதில் சில்லறைக் கோளாறுகள் பாக்கி. பெரிய கோளாறுக்குப் போகுமுன் சில்லறையைத் துடைப்போம் என்று ஆரம்பித்தேன்.

ஒன்று. கையால் ஓட்டினால் ஓடுகிறது. கிரானில் போட்டு நேரா நேரத்துக்குத் தானாக ஓடவிட்டால் படுத்துக்கொள்கிறது. பழைய எதிரி! பார்த்ததும் சிரிப்பு வந்தது. கிரானுக்கு வழி தெரியாது. பெட்டியைத் தட்டிப் பார்க்கிற பிங் எங்கே, பெர்ல் எங்கே என்று முழு விலாசமும் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். ஓடியது. கை மறக்கவில்லை, புத்திதான் பயந்துகொண்டிருக்கிறது.

ரெண்டு. எங்கள் ஊர்ப் பெட்டி, கே.கே.பட்டி. புதுசு. "up" என்று பதில் சொல்கிறது. திரையிலும் "up" என்றுதான் தெரிகிறது. ஸ்கிரிப்ட் மட்டும் அது "up" இல்லை என்று சாதிக்கிறது. ப. ஒரு வாரமாக இதோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

பழைய வைத்தியம்: வந்த பதிலை இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டு அச்சிட்டுப் பார்ப்பது. பார்த்தேன். பின்னால் நிற்க வேண்டிய அடைப்புக்குறி வரியின் முன்னால் வந்து நிற்கிறது. ப.வுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பதிலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத \r ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. அது கர்சரை வரியின் தொடக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. chomp என்ற கட்டளை வரிமுடிவுக் குறியான \n ஒன்றைத்தான் வெட்டும், இதை விட்டுவிடும். வரிக்கடைசியில் இருக்கும் வெற்றெழுத்து எல்லாவற்றையும் வழித்தெடு என்று ஒரு வரி. முடிந்தது.

"எப்படிங்க மேடம் பார்த்ததும் சொன்னீங்க?"

தேனியில் ஒரு பிரவுசிங் சென்டர். தட்டி மறைத்த கேபின். அங்கே அச்செடுத்த பெர்ல் பாடத் தாள்களைப் போடி பஸ்ஸில் மடியில் வைத்துப் படித்துக்கொண்டே வீட்டுக்குப் போவேன். பக்கத்து சீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன பாசைம்மா, ஒரே புள்ளியும் கோடுமா இருக்கு?" என்று கேட்டது ஞாபகம் வந்தது. \r அந்தத் தாள்களில் எங்கோ இருந்தது. அந்த வயசில் எதைப் படித்தாலும் ஒட்டிக்கொண்டது. இப்போது உளுந்து வாங்க மறந்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் இவர்: "நம்ம ஊருப் பெட்டி என்னா சொல்லுது?"

"இருக்கேன்னு சொல்லுது."

"அப்பச் சரி." தோட்டத்துக்கு மருந்தடிக்க ஆள் வரவில்லை என்று அவர் கவலை. திராட்சைக்கு இந்த மழை ஆகாது.

அக். 16, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்ததும் சிரித்த சிரிப்பில் கீழே உரக்கடைக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முறையாக எழுதுகிறேன். ஸ்கிரிப்ட் ரெண்டு. முதலாவது ஊர் ஊராகக் கேட்டு லாக் என்ற பதிவுக் கோப்பில் எழுதும். பெட்டி பதில் சொல்லாவிட்டால் "காணோம்". திரும்பப் பதில் சொன்னால் "வந்துச்சு". ரெண்டாவது அந்த லாகைப் படிக்கும். ஓர் ஊரின் பேரில் வரி விழுந்து கொஞ்ச நேரத்துக்குள் "வந்துச்சு" என்ற சொல் வராவிட்டால் லைன்மேனுக்கும் சீட்டில் இருப்பவருக்கும் "காணோம்" என்று எஸ்.எம்.எஸ். அனுப்பும்; அப்புறம் வந்தால் அதையும் சொல்லும்.

சின்னமனூர் வந்துச்சு. உத்தமபாளையம் வந்துச்சு. எல்லா ஊருக்கும் வந்துச்சுதான். கூடலூருக்கு மட்டும் நான் அன்றைக்கு எழுதியது: "வந்தாக".

காரணம் ராசண்ணன். அந்தக் காலத்தில் கூடலூர் லைன் லேசாகக் காற்றடித்தாலே கோபித்துக்கொண்டு போய்விடும். தினமும் காலையில் அண்ணன் படியேறும்போதே கேட்பார்: "ஏம்மா சுமதி, கூடலூர்ச் சம்பந்தி வீட்டுக்காரக வந்தாகளா?" நானும், "வந்தாகண்ணே, காப்பி குடிக்கிறாக" என்பேன். ஆபீஸே சிரிக்கும். ஒருநாள் விளையாட்டாக ஸ்கிரிப்டிலும் மரியாதை கொடுத்துவிட்டேன். ரெண்டாவது ஸ்கிரிப்டும் கூடலூருக்கு மட்டும் "வந்தாக" என்றுதான் தேடும். எஸ்.எம்.எஸ்.ஸில் "கூடலூர் வந்தாக" என்று பார்த்ததும் அண்ணன் அன்றைக்கு எல்லோருக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தார்.

இப்போது முதல் ஸ்கிரிப்டில் பார்த்தால்: "வந்தாங்க".

ப.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் சிவந்துவிட்டது.

"புது சர்வருக்கு மாத்தும்போது பார்த்தேங்க மேடம். ங் விட்டுப்போயிருக்கு, டைப்பிங் மிஸ்டேக்னு நினைச்சுத் திருத்திட்டேன். இன்னொரு ஃபைல்லயும் இருக்கும்னு தோணவே இல்லை."

வீரணன் அண்ணன் அங்கேயேதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"விட்டுப்போகல தாயி. நாங்க பேசுறதே அப்பிடித்தான். வந்தாக, போனாக, சொன்னாக. உங்க ஊர்ல ங் போடுவாக, நாங்க போட மாட்டோம்."

"அந்த ஒரு எழுத்துக்குத்தான் நான் உங்கள மழையில அனுப்பிக்கிட்டு இருந்தேனா?" என்றாள் ப.

"ஆமா. ரெண்டு மாசம். காய்ச்சல் வேற வந்துச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

ங்-ஐ எடுத்தேன். எடுத்ததோடு விட்டிருக்கலாம். தமிழ் எழுத்து இருக்கும் கோப்பில் use utf8 போடுவதுதான் இப்போது முறை என்று நேற்று எங்கோ படித்தேன். ரெண்டாவது ஸ்கிரிப்டின் தலையில் அதையும் ஒரு வரி சேர்த்துவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னல் சீட். சீட்டு எனக்குத்தான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அக். 17, வியாழன்

காலை டிபன் செய்துகொண்டிருக்கும்போதே வீரணன் அண்ணன் போன்.

"ஆத்தா, என்னாத்தப் பண்ணி வச்ச? கூடலூர் போ, கம்பம் போ, சின்னமனூர் போன்னு மொத்தத்துக்கும் எனக்கு மெசேஜ் வருது. நான் என்ன ஹெலிகாப்டரா வச்சிருக்கேன்?"

விடியக்காலை ஒரு கரண்ட் கட். எல்லா ஊரும் ஒரு நொடி போய்த் திரும்பி வந்திருக்கிறது. போனது மட்டும் ஸ்கிரிப்டுக்குத் தெரிந்திருக்கிறது, வந்தது ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரு கூடலூரைச் சரி செய்யப்போய்ப் பள்ளத்தாக்கு மொத்தத்தையும் காணாமல் அடித்துவிட்டேன்.

தோசையை இவரிடம் விட்டுவிட்டு ஓடினேன். ராசண்ணன் கோயமுத்தூர்க்காரர்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தார், எனக்குக் கேட்கும்படி. லாகில் "வந்துச்சு". ஸ்கிரிப்டில் "வந்துச்சு". ஒன்றின் கீழ் ஒன்றை வைத்துப் பார்த்தாலும் அச்சு அசல் ஒன்று. பொருந்தவில்லை. அடைப்புக்குறி வைத்தியமும் பலிக்கவில்லை. எல்லாம் போய்விட்டது, நான் இனி உளுந்து அரைக்கத்தான் லாயக்கு என்று நினைத்தேன். நினைத்தது நினைத்ததுதான், எழுதிவிட்டேன்.

ப. நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். என் திரையைப் பார்த்தாள். முதல் வரியைப் பார்த்தாள்.

"அக்கா, use utf8 இருந்தா ஸ்கிரிப்ட்ல இருக்கிற வார்த்தையை மட்டும் பெர்ல் எழுத்தெழுத்தா படிக்கும். லாக் ஃபைல் இன்னும் பைட் பைட்டாத்தான் உள்ள வருது. ரெண்டும் பார்க்க ஒண்ணுதான், அதுக்கு வேற வேற. ஃபைலைத் திறக்கும்போதே இது யுடிஎஃப்-8னு சொல்லிடுங்க, போதும்."

திறக்கிற வரியில் ஒரு சொல் சேர்த்தோம். ஒவ்வொரு ஊராகத் திரும்பி வந்தது. போடி, தேவாரம், கோம்பை. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதே அப்புறம்தான் உறைத்தது.

கடைசியில் அவளே ஒன்று சொன்னாள். "வந்தாகவா, வந்தாங்கவான்னு இனிமே யாரும் குழம்ப வேணாம்க்கா. ரெண்டையும் ஏத்துக்கட்டும்." தேடும் சொல்லில் ங்-ஐ அடைப்புக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ங் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. எவ்வளவு அழகான வரி. அந்தக் காலத்தில் எனக்கு இது தோன்றியிருக்காது. நாங்கள் பேசுவதுதான் தமிழ் என்று இருந்தேன்.

அக். 18, வெள்ளி

லேசான மழை. ஸ்கிரிப்ட் சுத்தமாக ஓடுகிறது. வீரணன் அண்ணனைக் கூடலூருக்கு அனுப்பிப் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னோம். காணோம். வந்தாக. சரியாக வந்தது. அண்ணன் அங்கிருந்தே போனில், "வந்தாகளா? காப்பி குடுங்க!" என்று கத்தினார்.

வேலை இல்லை. ப.வும் நானும் மதியம் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தோம். என் கத்தரிக்காய்க் குழம்பு முழுவதும் அவளுக்கு. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியலக்கா. ஆனா வருவான்னு இங்க யாராவது நினைச்சுக்கிட்டு இருந்தா நல்லா இருக்கும்."

குழம்பு ஊற்றினேன்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதலாம். கார்த்தி பிறந்து போடியில் அம்மா வீட்டில் இருந்தேன். மூணு மாசத்தில் வந்துர்றேண்ணே என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். பிள்ளை பிறந்த பின்னாலும் என் போனுக்கு எஸ்.எம்.எஸ். வந்துகொண்டுதான் இருந்தது. சின்னமனூர் காணோம், சின்னமனூர் வந்துச்சு. பால் கொடுத்துக்கொண்டே படிப்பேன். அம்மா, "அந்தச் சனியன அங்கிட்டு வையி" என்பாள். வைக்க மாட்டேன். அது சத்தம் போட்டால்தான் நான் இன்னும் அந்த மாடியில் இருக்கிறேன் என்று தோன்றும். ஒருநாள் சாயந்திரம் நின்றுபோனது. முதலில் லைன் எல்லாம் நன்றாக இருக்கிறது போல என்று சந்தோஷப்பட்டேன். மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஆபீஸுக்குப் போன் போட்டேன். வேறொரு குரல் எடுத்து, யார் வேணும் என்று கேட்டது. நான் வைத்துவிட்டேன்.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. என் நம்பரை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அக். 19, சனி

பவித்ராவின் கடைசி நாள். வளையல் வாங்கிப் போனேன், கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். ராசண்ணன் கேக் வாங்கியிருந்தார். வீரணன் அண்ணன் ஒரு கூடை பன்னீர் திராட்சை. கும்பகோணம் போவதற்குள் நசுங்கிவிடும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பவித்ரா கீழே ஆட்டோ பார்க்கப் போயிருந்தபோது ராசண்ணன் என்னிடம்:

"சொன்ன மாதிரி முடிச்சிட்ட. சீட்டு உனக்குத்தான்."

"வியாழக்கிழம முடிச்சது பவித்ராண்ணே. நான் ஒடைச்சேன், அது ஒட்டுச்சு."

"யாரோ ஒருத்தரு. வேல நடந்துச்சுல்ல. மெசேஜ் போற லிஸ்ட்டுல அது நம்பர எடுத்துட்டு உன் நம்பரப் போட்டுக்க."

"அது திரும்பி வருதுன்னா?"

"வராது. எல்லாரும் வர்றேன்னுதான் சொல்லிட்டுப் போறாக. நீயுந்தான் சொன்ன."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை.

"நான் வர்றதாத்தாண்ணே இருந்தேன். நீங்கதான் என் நம்பர எடுத்துட்டீக."

அவருக்கு ஞாபகமே இல்லை. "நான் எடுத்தேனா?" என்று நிஜமாகவே யோசித்தார். அப்புறம், "ஒரு சீட்டுதான் இருக்கு. அது வந்து நின்னா நீ எங்க போவ?" என்றார்.

நல்ல கேள்வி. "வந்தப்புறம் பாப்போம்ணே" என்று மட்டும் சொன்னேன்.

லிஸ்டைத் திறந்தேன். என் நம்பரைச் சேர்த்தேன். அவள் நம்பரை எடுக்கவில்லை. நல்ல மனசு ஒன்றும் இல்லை, பஸ்ஸில் வரும்போது முழுக்க என் மேலேயே எரிச்சல். இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த சீட்டு. ரெண்டு நம்பருக்கும் நடுவில் ஒரு கமாவைப் போட்டு அதைப் பாதியாக்கிக்கொண்டேன்.

அக். 20, ஞாயிறு

அடைமழை. இட்லி. இவர் தோட்டத்தைப் பார்க்கப் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார், கொஞ்சம் குலை வெடித்துவிட்டது. உளுந்து ஒருவழியாக வாங்கியாச்சு. போன் சும்மாவே கிடந்தது.

அக். 21, திங்கள்

மழை விட்டிருக்கிறது. இன்றைக்குப் பஸ்ஸில் உட்கார இடம். ஆபீஸ் சீட்டில் இனி நான் மட்டும். நாற்காலி பவித்ரா உயரத்துக்கு வைத்திருந்தது. கால் தரையில் படவில்லை. இறக்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்தேன்.

பதினொரு மணி வாக்கில் போன் சத்தம். கே.கே.பட்டி காணோம். வீரணன் அண்ணனைக் கூப்பிடலாம் என்று எடுத்தால் அதற்குள் அது அடிக்கிறது. பவித்ரா.

"அக்கா, கே.கே.பட்டி. கரண்டுதான் போயிருக்கும். பேட்டரிக்கு மாற அந்தப் பெட்டி கொஞ்சம் நேரம் எடுக்கும். அண்ணனை அனுப்பிடாதீங்க."

"நீ படுத்து ரெஸ்ட் எடுக்கலையா?"

"அம்மா திட்டுறாங்க, போன் கத்திக்கிட்டே இருக்குன்னு." அப்புறம் மெதுவாக, "என் நம்பரை எடுக்க மறந்துட்டீங்களாக்கா?"

"மறக்கல."

மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

ராசண்ணன் அவர் மேசையிலிருந்து தலையைத் தூக்கினார். "யாரும்மா போன்ல?"

"ஆபீஸ்ல இருந்துதாண்ணே" என்றேன்.